சூசையப்பர் தலை போன காரணம்

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒழுங்காக வந்த பாடம் ஒன்றே ஒன்றுதான். இரண்டு வாக்கியங்களைக் கொடுத்து ஒன்றாக்கச் சொல்வார்கள். "மழை பெய்தது. ஏரி நிரம்பியது." நான் "மழை பெய்ததால் ஏரி நிரம்பியது" என்று எழுதிவிட்டு, மீதி நேரம் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பேன். ஆகையால், எனவே, ஏனென்றால் எல்லாம் எனக்குச் சொந்தக்காரர்கள் மாதிரி. கணக்கும் இங்கிலீஷும் பத்தாம் வகுப்போடு என்னை வெளியே தள்ளிவிட்டன. 'அதனால்' மட்டும் என்னோடு கூடவே வந்துவிட்டது.

கடலூர்க்காரர்களுக்கு இது கஷ்டமான பாடமே இல்லை. எங்களுக்குத்தான் புயல் இருக்கிறதே. புயல் வந்ததால் கரண்ட் போனது, கரண்ட் போனதால் மாவு ஆட்டவில்லை, மாவு ஆட்டாததால் உப்புமா. எங்கள் வீட்டு உப்புமா வங்காள விரிகுடாவில் உருவாகி நேராகத் தட்டில் கரையைக் கடக்கும். யாரும் குறை சொல்ல முடியாது.

நான் கூச்சக்காரி. திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ரெடிமேட் துணிக்கடையில் வேலை பார்க்கிறேன். வருகிறவர்கள் அளவைச் சொல்வார்கள், நான் எடுத்துப் போடுவேன், அவர்கள் கலைத்துப் போடுவார்கள், நான் மடித்து வைப்பேன். இதற்கு வாய் தேவையில்லை. ஆனால் முகம் தெரியாத இடத்தில் என்னை விட்டால் நான் வேறு ஆள். போனில் பேசுவேன். மாதா கோயிலில், செய்த பாவத்தைச் சொல்லும் பாவசங்கீர்த்தன மரக்கூண்டில் பேசுவேன். அங்கே சாமியாருக்கும் நமக்கும் நடுவில் ஓட்டை போட்ட ஒரு பலகை இருக்கிறது. அந்தப் பலகையை மட்டும் கழுத்தில் மாட்டிக்கொண்டு திரிய அனுமதி கிடைத்தால் நான் எம்.எல்.ஏ.வாகவே ஆகியிருப்பேன்.

விஷயத்துக்கு வருகிறேன்.

எனக்கு ஒரே தங்கை. சிதம்பரத்தில் வாழ்க்கைப்பட்டவள். அம்மா போன பிறகு அவருடைய கிறிஸ்துமஸ் குடில் செட் எங்கள் இருவருக்கும் பொதுவானது. சூசையப்பர், மாதா, குழந்தை இயேசு, மூன்று ராஜாக்கள், ஆடு மாடு, ஒரு காது இல்லாத ஒட்டகம். எல்லாம் பிளாஸ்டர் பொம்மைகள். ஒரு வருஷம் என் வீட்டில் குடில், மறு வருஷம் அவள் வீட்டில். போன கிறிஸ்துமஸ் அவளுடைய முறை. பெட்டியை வாங்கிப் போக அவள் வீட்டுக்காரர் கடலூர் வந்தார். ஒவ்வொரு பொம்மைக்கும் பேப்பர் சுற்றி, சட்டை வரும் அட்டைப்பெட்டியில் அடுக்கி, சணலால் கட்டிக் கொடுத்தேன்.

"கவலப்படாதீங்கக்கா. நான் என்னைக்கு பஸ்ல நின்னுகினு போயிருக்கேன்? உக்காந்து, மடியிலயே வச்சுகினு போவேன்" என்றார்.

நானும் கவலைப்படவில்லை.

கிறிஸ்துமஸுக்கு முந்தின நாள் சாயங்காலம்தான் தங்கை பெட்டியைத் திறந்திருக்கிறாள். சுற்றிய பேப்பருக்குள் சூசையப்பரின் உடம்பு தனியாகவும் தலை தனியாகவும் கிடந்தன. அன்றைக்குப் பார்த்துக் குறிஞ்சிப்பாடியிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வருகிறார்கள், அவள் மகளுக்குக் கல்யாணப் பேச்சை முடிக்க. வாசலில் குடில் இருக்கிறது, குடிலில் மாதா இருக்கிறார், பக்கத்தில் சூசையப்பர் இல்லை. கல்யாணம் பேச வருகிறவர்கள் கண்ணில் படுகிற முதல் குடும்பமே அப்பா இல்லாத குடும்பமாக இருந்தால் நன்றாகவா இருக்கும்? தங்கை யோசித்தாள். வீட்டுப் பீடத்தில் இருந்த அந்தோணியாரைத் தூக்கிவந்து சூசையப்பர் இடத்தில் நிறுத்திவிட்டாள்.

அந்தோணியார் சும்மா நிற்கிறவர் அல்லர். கையில் குழந்தை இயேசுவை ஏந்திக்கொண்டு நிற்பவர். கீழே வைக்கோலில் ஏற்கெனவே ஒரு குழந்தை இயேசு படுத்திருக்கிறார். மேலும் அது பீடத்துச் சுரூபம், பெரியது. மாட்டுக்கொட்டகைக் கூரைக்கு மேலே அவர் தலை தெரிந்தது. மாதா அவர் முட்டிக்கால் உயரத்தில் மண்டியிட்டிருந்தார்.

மாப்பிள்ளை வீட்டார் கேக் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது கேரல் பாட்டுக்காரர்கள் வந்தார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷம் கட்டியிருந்தவன் குடிலைக் குனிந்து பார்த்திருக்கிறான்.

"இன்னாக்கா, இந்த வருஷம் ரெட்டப் புள்ளையா?"

சம்பந்தியம்மாவுக்குச் சிரிப்பில் கேக் புரையேறிவிட்டது. மாப்பிள்ளைப் பையன் குடிலைப் போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்துவிட்டான். கல்யாணம் என்னவோ சந்தோஷமாகவே முடிவானது. ஆனால் தங்கை மானம் போய்விட்டதாக முடிவு கட்டினாள். மறுநாள் காலை எனக்குப் போன்.

"நீ பேப்பர் பத்தாம சுத்துன, அதனால தல போச்சு. தல போச்சு, அதனால அந்தோணியார வச்சேன். அந்தோணியார வச்சேன், அதனால அந்தத் தாத்தா கேட்டான். அவன் கேட்டான், அதனால சம்பந்தி வூட்டுல சிரிச்சாங்க. உன்னாலதான் எல்லாம்!"

அவளும் என் பள்ளிக்கூடத்தில்தான் படித்தாள். நான் சும்மா இருந்திருக்கலாம். கையில் போன் இருந்தது, முகம் எதிரில் இல்லை.

"நீ கடசி நேரத்துல பெட்டியப் பிரிச்ச, அதனாலதான் கடைக்குப் போவ முடியல. சூசையப்பருக்கும் அந்தோணியாருக்கும் வித்தியாசம் தெரியாதவ, நீ பொண்ணுக்கு மாப்ள பாக்கறியா?" என்றேன்.

அவள் போனை வைத்துவிட்டாள். பிறகு பேசவே இல்லை. குடும்ப வாட்ஸ்அப் குரூப்பில் தினமும் காலையில் வேத வசனம் மட்டும் போடுவாள். நாவை அடக்குவது பற்றி, பொல்லாத உதடுகள் பற்றி, சகோதரரைப் பழிப்பவர் பற்றி. இத்தனை வசனங்கள் என்னைப் பற்றியே எழுதப்பட்டிருக்கின்றன என்று அதுவரை எனக்குத் தெரியாது. குரூப்பில் இருந்த மற்றவர்கள் ஒன்றும் புரியாமல் கைகூப்பும் படம் போட்டார்கள்.

ஈஸ்டர் முடிந்த கையோடு கல்யாணம். அந்தப் பெண்ணுக்கு நான் வெறும் பெரியம்மா மட்டும் அல்ல, ஞானத்தாய். ஞானஸ்நானத் தொட்டியில் தலையில் தண்ணீர் விழுந்ததும் வீறிட்டவளைக் கையில் தாங்கி நின்றது நான். எனக்கு ஆண்பிள்ளைகள் இரண்டு. பெண் என்று சொல்லிக்கொள்ள அவள் ஒருத்திதான். கடலூரில் எல்லாச் சொந்தக்காரர் வீட்டுக்கும் தட்டோடு போய்ப் பத்திரிகை வைத்துவிட்டார்கள். எங்கள் தெரு வரைக்கும் வந்து, எங்கள் வீட்டைத் தாண்டி, கடைசி வீட்டில் வைத்துவிட்டுப் போனார்கள். நான் கதவுக்குப் பின்னால் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அன்று ராத்திரி சாப்பிடவில்லை.

"உங்க சண்டைக்கு நான் வரல" என்றார் என் வீட்டுக்காரர். அவர் எந்தச் சண்டைக்குத்தான் வந்திருக்கிறார்?

ஈஸ்டருக்கு முந்தின தவக்காலத்தில் பாவசங்கீர்த்தனத்துக்குப் போனேன். புதிதாக வந்திருந்த சாமியார் சின்ன வயசுக்காரர், என் பெரியவனைவிடக் கொஞ்சம் மூத்தவராக இருப்பார். கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது சாமியாருக்குத்தான் சட்டம், எனக்கு இல்லை. அதனால் எழுதுகிறேன்.

பலகைக்கு முன்னால் மண்டியிட்டதும் எனக்கு வாய் திறந்துகொண்டது. தங்கை கடைசி நேரத்தில் பெட்டியைப் பிரித்ததால், அதுவும் சுரூபங்களுக்கு வித்தியாசம் பார்க்காமல் வைத்ததால், அவள் வீட்டுக்காரர் பெட்டியைப் பார்த்து எடுத்துப் போகாததால், பஸ் டிரைவர் குண்டும் குழியும் பார்க்காமல் ஓட்டியதால், அவள் என்னைக் காலையில் முதல் வேலையாகத் திட்டியதால், நானும் ஒரு வார்த்தை சொல்லும்படி ஆகிவிட்டது, சாமி என்று முடித்தேன். மூச்சு வாங்கியது. நல்ல வாக்கியம் என்றுதான் எனக்குத் தோன்றியது.

பலகைக்கு அந்தப் பக்கம் அவர் விரல் விட்டு எண்ணுவது ஓட்டை வழியாகத் தெரிந்தது.

"அம்மா, இதுல உங்க தங்கச்சி பாவம் மூணு இருக்கு. அவங்க வீட்டுக்காரர் பாவம் ஒண்ணு. டிரைவர் பாவம் ஒண்ணு. உங்க பாவத்தக் காணோமே?"

"கடைசியில இருக்கு, சாமி."

"அந்தக் கடைசித் துண்ட மட்டும் சொல்லுங்க."

கடைசித் துண்டை மட்டும் சொல்லிப் பார்த்தேன். அது ரொம்பச் சின்னதாகவும் அசிங்கமாகவும் இருந்தது. மேலே போர்த்தியிருந்த துணியை எல்லாம் உருவியது போல. பெற்ற பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கத் தெரியாதவள் என்று கூடப்பிறந்தவளைச் சொன்னேன். அவ்வளவுதான் அது.

வழக்கமாக மூன்று அருள் நிறை மந்திரம்தான் அபராதம் கிடைக்கும். இவர், "போயி மன்னிப்புக் கேளுங்க. போன்ல இல்ல, நேர்ல. அதால இதாலன்னு எதையும் ஒட்டாதீங்க" என்றார்.

"மந்திரம் வேணும்னா ஜாஸ்தியாவே சொல்லிடறேனே, சாமி?"

"பின்னால நாலு பேரு நிக்கிறாங்கம்மா" என்றார்.

அடுத்த விடுமுறை நாளில் பண்ருட்டிப் பலாச்சுளை ஒரு பை வாங்கிக்கொண்டு கடலூர் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சிதம்பரம் பஸ் உள்ளே திரும்பியதும் வழக்கம்போல ஜனம் கூடவே ஓடியது. ஒரு ஆள் ஓடிக்கொண்டே தன் கையில் இருந்த ரெக்சின் பையை ஜன்னல் வழியாக உள்ளே வீசினார். அது சீட்டில் 'தொம்' என்று விழுந்தது. "ஆள் வருது, ஆள் வருது" என்று கத்திக்கொண்டே படி ஏறினார்.

அந்தத் 'தொம்' என் நெஞ்சில் விழுந்தது.

என் தங்கை வீட்டுக்காரர் பஸ்ஸில் நின்று போகாதவர் என்று சொன்னேன் அல்லவா? எப்படி நிற்காமல் போகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. சீட் பிடிப்பதில் அவரை மிஞ்ச ஆள் கிடையாது. துண்டு, பேப்பர், செருப்பு, கையில் எது இருக்கிறதோ அது ஜன்னலுக்குள் போகும். ஒரு முறை வேளாங்கண்ணிக்குப் போனபோது கையில் ஒன்றும் இல்லை என்று, இப்போது கல்யாணப் பெண்ணாக இருக்கிறாளே, அவளையே ஜன்னல் வழியாக உள்ளே விட்டார். அவளும் மூன்று பேர் சீட்டில் கைகால் பரப்பிப் படுத்து இடம் பிடித்தாள். கிறிஸ்துமஸ் நேரத்துக் கூட்டம். அவர் கையில் இருந்தது சணல் கட்டிய ஒரு பெட்டி.

எனக்குச் சந்தேகமே இல்லை. மடியில் வைத்துக்கொண்டுதான் போயிருப்பார். சீட்டில் போட்டுப் பிடித்த பிறகு எடுத்து மடியில் வைத்துக்கொண்டு போயிருப்பார்.

எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. நின்றுகொண்டேதான் போனேன், கால் வலிக்கவில்லை. ஆலப்பாக்கம் தாண்டும்போது வாக்கியம் உருவாகிவிட்டது. 'உன் வீட்டுக்காரர் பெட்டியை ஜன்னல் வழியாக வீசியதால் சூசையப்பர் தலை போனது, ஆகையால் இதில் என் குற்றம் ஒன்றும் இல்லை, எனவே பத்திரிகையை எடு.' புதுச்சத்திரத்தில் அதை இன்னும் கொஞ்சம் கூராக்கினேன். பி.முட்லூர் வந்தபோதுதான் அபராதம் ஞாபகம் வந்தது. அதால இதாலன்னு எதையும் ஒட்டாதீங்க. வாழ்க்கையில் முதல் முறையாகக் கையில் சத்தியமான ஒரு காரணம் கிடைத்திருக்கிறது, அதைச் சொல்லக் கூடாதாம். அந்தச் சின்னச் சாமியார் மேல் எனக்கு வந்த கோபத்தை அடுத்த பாவசங்கீர்த்தனத்தில் சொல்ல வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்கைதான் கதவைத் திறந்தாள்.

"யாரு? ஓ, சூசையப்பருக்கும் அந்தோணியாருக்கும் வித்தியாசம் தெரிஞ்சவுங்களா? வாங்க, வாங்க."

எதிரில் முகம் இருந்ததால் என் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. பலாச்சுளைப் பையை நீட்டினேன். வாங்கித் தரையில் வைத்தாள். உள்ளே அவள் வீட்டுக்காரர் டிவி பார்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாங்கக்கா" என்று சொல்லிவிட்டு, கேட்காமலேயே தண்ணீர் கொண்டுவரப் போனார். அவர் தண்ணீர் கொண்டுவந்து நான் பார்த்ததே இல்லை.

"இன்னா விஷயமா வந்த?" என்றாள் தங்கை.

"மன்னிச்சுடு" என்றேன்.

"எதுக்கு?"

சாமியார் இந்த இடத்தை யோசிக்கவில்லை. மன்னிப்புக் கேட்டால் எதிராளி காரணம் கேட்பாள் என்று அவருக்குத் தெரியாது. தங்கச்சி இல்லாமல் வளர்ந்தவராக இருக்கும்.

"அன்னைக்குப் போன்ல அப்படி சொன்னது தப்பு."

"ஏன் சொன்ன?"

தரையில் இருந்த பலாச்சுளைப் பையைச் சுவரோரமாக நகர்த்தி வைத்தேன்.

"காரணம் இல்லாமயா சொன்ன?"

"காரணம் இருக்கு. சொல்ல மாட்டேன்."

"ஏன்?"

"சொல்லக் கூடாதுன்னு சாமியாரு அபராதம் போட்டிருக்காரு."

அவள் இடுப்பில் கை வைத்தாள். "ஏன்டீ, கோயில்ல போயி என் கதையச் சொன்னியா? அவரு இன்னா சொன்னாரு?"

"உன் பாவம் மூணு இருக்குதுன்னாரு."

தங்கை என்னையே பார்த்தாள். உதடு ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. சின்ன வயதில் ஜெபமாலை சொல்லும்போது அடக்க முடியாமல் அவளுக்கு வரும் அதே கோணல்.

"அப்ப என் பாவத்தையும் சேத்து நீயே சொல்லிட்டு வந்துட்டியா? நல்லதாப் போச்சு. இந்த வருஷம் நான் போவ வேணாம்."

அப்புறம் இருவருக்கும் நிற்கவில்லை. அவள் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள், நான் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டேன். சிரித்து முடித்ததும் அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு சட்டென்று நிமிர்ந்தாள்.

"அதெல்லாம் இருக்கட்டும். தல எப்படிப் போச்சு? நீ பேப்பர் பத்தாமதான சுத்துன? இத மட்டும் ஒத்துக்க."

அவளுக்குப் பின்னால் சமையலறை வாசலில் அவள் வீட்டுக்காரர் சொம்போடு நின்றார். அவர் கண்ணைப் பார்த்தேன். பிடிக்கப் போகும்போது கோழி பார்க்குமே, அந்தப் பார்வை. ஈஸ்டர் முடிந்ததும் அந்த மனிதர் வேட்டி கட்டி, சொந்தபந்தம் எல்லாம் பார்க்க, மகளைக் கையைப் பிடித்துப் பீடம் வரைக்கும் கூட்டிப் போக வேண்டும். என் வாக்கியம் புதுச்சத்திரத்தில் இருந்தே கூராக இருந்தது. ஆனால் அந்த வீட்டில் ஏற்கெனவே ஒரு தலை போயிருந்தது. கல்யாணத்துக்கு முன்னால் இன்னொன்று வேண்டாம்.

"தல போச்சு" என்றேன்.

"அதான் ஏன்?"

"தல போச்சு. அவ்வளவுதான்."

"ஒரு நாளும் ஒரு விஷயத்த ஒத்துக்க மாட்டியே நீ" என்று சொல்லிக்கொண்டே உள்ளே போனாள். வரும்போது கையில் தட்டு இருந்தது. வெற்றிலை, பாக்கு, பழம், மேலே பத்திரிகை.

"இது உனக்கு. மாமாவுக்கு வூட்டுக்கு வந்து தனியா வைப்போம். எல்லாருக்கும் வச்சிட்டு உனக்கு மட்டும் வைக்கலன்னு நானும் நாலு நாளா தூங்கல, அதனால—" என்று ஆரம்பித்தவள், என் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள். "சரி, புடி."

தட்டை வாங்கிப் பத்திரிகையில் அந்தப் பெண்ணின் பெயரை விரலால் தடவினேன். அதை அவள் பார்க்காத மாதிரி வேறு பக்கம் திரும்பிக்கொண்டாள். சொம்பில் இருந்த தண்ணீரை அவள் வீட்டுக்காரர் தானே குடித்து முடித்திருந்தார்.

கிளம்பும்போது தங்கை குடில் பெட்டியைக் கொண்டுவந்தாள். "இந்த வருஷம் உன் முற. கல்யாணக் கூட்டத்துல யாராவது மிதிச்சுடுவாங்க, இப்பவே எடுத்துகினு போ." திறந்து பார்த்தேன். சூசையப்பரின் தலையைப் பசை போட்டு ஒட்டியிருந்தார்கள். ஒட்டியது அவள் வீட்டுக்காரராம். தலை கொஞ்சம் திரும்பியிருந்தது. இனிமேல் எத்தனை கிறிஸ்துமஸ் வந்தாலும் அவர் குழந்தையைப் பார்க்கப் போவதில்லை, ஒட்டகத்தைத்தான் பார்ப்பார்.

பஸ் ஏற்றிவிட அவள் வீட்டுக்காரரே வந்தார். பெட்டியை என்னைத் தூக்க விடவில்லை. வழியெல்லாம் ஏதோ சொல்ல வாயெடுப்பதும் விடுவதுமாக இருந்தார். சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் கடலூர் பஸ் உள்ளே திரும்பியது. ஜனம் ஓடியது. அவரும் ஓடினார். நான் பின்னாலேயே ஓடினேன். ஜன்னல் ஓரமாக ஒரு சீட் காலியாகத் தெரிந்தது. அவருடைய இரண்டு கையும் பெட்டியோடு மேலே போயின.

ஜன்னல் கம்பி வரைக்கும் போய் அப்படியே நின்றுவிட்டன.

மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். கை இன்னும் மேலேயே இருந்தது.

"அக்கா... அது வந்து... அன்னைக்குக் கூட்டம் ரொம்ப ஜாஸ்தி, அதனால..."

"தம்பி" என்றேன். "துண்டப் போடுங்க."

பெட்டியை என் கையில் கொடுத்துவிட்டுத் தோளில் கிடந்த துண்டை உருவி உள்ளே வீசினார். பழகிய கை, சரியாகச் சீட்டின் நடுவில் போய் விழுந்தது. நான் ஏறி உட்கார்ந்தேன். அவர் ஜன்னலுக்கு வெளியே நின்று கம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"பத்திரம்க்கா. மடியிலயே வச்சுக்குங்க" என்றார்.

அதையும் அவர்தான் சொன்னார்.

பஸ் கிளம்பிய பிறகுதான் பார்த்தேன், துண்டு என்னிடமே இருந்தது. அதைப் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினேன். பேப்பர் போதவில்லை என்று மறுபடி யாரும் சொல்லிவிடக் கூடாது, பாருங்கள்.